‘கேமரா பழுது’ என்று எழுதினால் மட்டும் போதாது

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் காவல் நிலையக் கேமரா மேற்பார்வைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர்களே, காவல் கண்காணிப்பாளர்களே, குழுவில் இடம்பெறும் மேயர்களே, மாவட்ட ஊராட்சித் தலைவர்களே,

“மேற்படி தேதியில் நிலையத்தின் கண்காணிப்புக் கேமரா பழுதடைந்திருந்தபடியால் காட்சிப் பதிவு ஏதும் இல்லை.” தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும், வக்கீல் நோட்டீஸ் விட்டாலும், நீதிமன்றம் வழியாகக் கேட்டாலும் எங்கள் கைக்கு வருவது இந்த ஒரு வரிதான். நிலையமும் தேதியும் மட்டும் மாறும். இந்த வரியை வாங்கிக் கேஸ் கட்டில் வைத்துக்கொண்டு இனியும் பேசாமலிருக்க எங்களால் ஆகாது. நிலையங்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த வரி உண்மையென்றால், அதற்குத் துணையாக ஒரு பட்டியல் உங்கள் மேசைக்கு வந்திருக்க வேண்டும்.

2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவைக் கேமரா மாட்டச் சொன்ன உத்தரவு என்றே பலரும் நினைக்கிறார்கள். கேமரா ஓடாத நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அது சொல்கிறது. பழுதானால் நிலையப் பொறுப்பு அதிகாரி உடனே மாவட்டக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். பழுதாகிக் கிடந்த நாட்களில் அந்த நிலையத்தில் நடந்த கைதுகள், விசாரணைகள் பற்றிய விவரத்தையும் அந்தக் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும். குழு உடனே மாநிலக் குழுவைக் கேட்டுச் சரிசெய்ய வைக்க வேண்டும். ஆகவே ‘பழுது’ என்று ஒரு நிலையம் எங்களுக்கு எழுதினால், அந்த நாட்களின் கைது, விசாரணைப் பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும். இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால், ஒன்று பழுது என்பது பொய். அல்லது பழுதை உங்களுக்குச் சொல்லாமலே ஆட்களை உள்ளே வைத்திருந்திருக்கிறார்கள்.

இந்தச் சீமைக்கு இதன் கனத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். நேரில் போய் விசாரித்த கோவில்பட்டி நீதித்துறை நடுவர், பதிவு சேமிக்கும் வட்டில் (ஹார்டு டிஸ்க்) போதிய இடம் இருந்தும் அன்றன்றைய காட்சி தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்ததை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத் தெரிவித்தார். முதல் தகவல் அறிக்கை சொன்ன கதை நிற்காது என்று காட்டியது கடைத்தெருவிலிருந்த தனியார் கேமரா. நிலையத்துக்குள் நடந்ததைச் சொல்ல ஒரு பெண் தலைமைக் காவலர் வாய் திறக்க வேண்டியிருந்தது. எல்லா வழக்கிலும் அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார். அங்கே கேமரா இருந்தது, வட்டில் இடமும் இருந்தது. கருவியின் அமைப்புப் பக்கத்தில் (செட்டிங்ஸ்) ஒரு தேர்வு மட்டும் மாறியிருந்தது. பதிவுப் பெட்டி (டி.வி.ஆர்.) யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் சாட்சியும் இருக்கிறது. இந்த மடலில் நாங்கள் கேட்பதெல்லாம் அந்தப் பெட்டியை அந்தக் கையிலிருந்து எடுப்பதைப் பற்றித்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பாதிக் குழப்பம் அங்கேதான். உத்தரவு 18 மாதப் பதிவு கேட்கிறது. அவ்வளவு கொள்ளும் கருவி சந்தையில் இல்லையென்றால் கிடைப்பதில் அதிகம் கொள்வதை வாங்க வேண்டும்; எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. ஒரு கேமரா சுமாரான தரத்தில் விநாடிக்கு 1 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 10.8 ஜி.பி. ஆகும். 16 கேமராவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 173 ஜி.பி. பதிவுப் பெட்டியில் 4 டி.பி. வட்டு போட்டிருந்தால் 23 நாளில் நிறையும். 24ஆம் நாள் பெட்டி முதல் நாளை அழித்து அதன்மேல் எழுதத் தொடங்கும். யாரும் கை வைக்க வேண்டியதில்லை. பெட்டி தன் வேலையைச் செய்கிறது, சாட்சி போய்விடுகிறது. அதே 16 கேமராவுக்கு ஓராண்டுக்கு 63 டி.பி. வேண்டும், 18 மாதத்துக்கு 95 டி.பி. வேண்டும். 4 டி.பி. வட்டைப் போட்டுவிட்டு உத்தரவை நிறைவேற்றிவிட்டதாக எழுதுகிற யாரும் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கவில்லை.

இனி மக்கள் பக்கத்து நாட்கணக்கு. ஒருவரை ரிமாண்ட் செய்ததும் வீட்டார் அலைவது ஜாமீனுக்காக. காட்சிப் பதிவு என்று ஒன்று கேட்கலாம் என்பதே அவர்களுக்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து, எங்களைப் போன்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கே தகவல் மனுப் போட்டாலும் பதில் தர 30 நாள் அவகாசம். உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று சட்டத்தின் 7(1) பிரிவு சொல்வதைக் குறிப்பிட்டு எழுதினாலும், புலன்விசாரணைக்கு இடையூறு என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுப்பு வரும். முதல் மேல்முறையீட்டுக்குப் போகும்போது வட்டு இரண்டு முறை மேலெழுதப்பட்டிருக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவில் நீதிமன்றத்தில் மனுப் போட்டாலும் இதே ஓட்டப்பந்தயம்தான். காட்சி அழிந்த பிறகு வரும் உத்தரவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்தக் காட்சி ஏன் இவ்வளவு முக்கியம்? நீதிமன்ற வராந்தாவில் வாரம் தவறாமல் கேட்கும் பேச்சு இது: “ஐயா, முந்தாநாள் ராத்திரியே வீட்டுல வந்து கூட்டிட்டுப் போயிட்டாவ. நேத்து காலையில பஸ் ஸ்டாப்புல வச்சுப் புடிச்சதால்லா எழுதிருக்காவ.” கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று அதே சன்ஹிதாவின் 58ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கடிகாரம் கைது அட்டையில் எழுதிய நேரத்திலிருந்து ஓடுகிறதா, ஆள் நிலைய வாசலைத் தாண்டிய நேரத்திலிருந்து ஓடுகிறதா என்பதுதான் சண்டையே. அட்டையை எழுதுபவர் நிலைய ரைட்டர். ஆள் வந்த நேரத்தை எழுதாமலே சொல்லக்கூடியது வாசல் கேமரா ஒன்றுதான். ‘விசாரணைக்கு அழைத்து வந்தோம்’ என்ற சொல்லுக்குள் மறையும் அந்த முதல் இரவில்தான் வெற்றுக் காகிதத்தில் கையெழுத்தும், வாக்குமூலமும், காயமும் உண்டாகின்றன.

மாவுக்கட்டுக்கும் கேமராவைத்தான் கேட்கிறோம். கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது, தப்பியோடும்போது தடுக்கி விழுந்தார் என்று எழுதிய அறிக்கைகளும், கட்டுப் போட்ட கையோடு எடுத்த படங்களும் நம் ஊர்களில் பழகிப்போய்விட்டன. சிலர் அதைப் பார்த்துக் கைதட்டவும் செய்கிறார்கள். அது எங்களுக்குப் பெரிய வருத்தம். உச்ச நீதிமன்றம் கழிவறைக்கு உள்ளே கேமரா கூடாது, வெளியே வேண்டும் என்றது. அந்த ஒரு கேமரா ஒழுங்காக ஓடினால், ஆள் உள்ளே எப்படி நடந்து போனார், கூட எத்தனை பேர் போனார்கள், எத்தனை நிமிடம் ஆனது, வெளியே எப்படி வந்தார் என்று நான்கையும் சொல்லிவிடும். உண்மையிலேயே வழுக்கி விழுந்திருந்தால் அந்தக் காவலரைக் காப்பாற்றப்போவதும் அதே காட்சிதான். கைதுக்குப் பின் 53ஆம் பிரிவுப்படி மருத்துவர் காயங்களையும் அவை ஏற்பட்ட தோராய நேரத்தையும் குறிக்க வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும். மருத்துவரின் நேரமும் கேமராவின் நேரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யாரும் கதை கட்ட முடியாது.

கேமரா ஓடுகிறது என்று அறிக்கை வரும் நிலையங்களிலும் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறோம். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு பூச்சியை இழுக்கும். பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டும். வலையில் வெளிச்சம் பட்டுப் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். வாரம் ஒருமுறை துடைத்தால் தீரும் வேலை இது. லாக்கப் முன்னுள்ள கேமராவைக் கதவு திறந்தால் மறைக்கும் இடத்தில் மாட்டியிருப்பார்கள். உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பூத்து அறுந்துபோகும். நீர் புகாத பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு மின்னெழுச்சித் தடுப்பான் இல்லாத பெட்டி தாங்காது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த மாவட்டங்கள் இவை. ஆற்றோரத்து நிலையங்களில் பெட்டியைத் தரையிலோ மேசைக்கடியிலோ வைக்கக் கூடாது, இடுப்புயரத்துக்குமேல் சுவரில் அறைய வேண்டும்.

மின்வெட்டு என்பது இன்னொரு பதில். 16 கேமராவும் பெட்டியும் சேர்ந்து ஏறத்தாழ 150 வாட். 150 ஆம்பியர்-மணி 12 வோல்ட் பேட்டரி ஒன்று நல்ல நிலையில் இருந்தால் 8 மணி நேரம் இழுக்கும். அதே யு.பி.எஸ்.ஸில் கம்ப்யூட்டர், பிரிண்டர், மின்விசிறி எல்லாவற்றையும் மாட்டினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உட்கார்ந்துவிடும். கேமராவுக்குத் தனி யு.பி.எஸ். வேண்டும், அவ்வளவுதான். மின்சாரமே ஒழுங்காக இல்லாத இடத்துக்குச் சூரிய மின்சாரம் உட்பட வேறு வழி செய்யச் சொல்லியும் அதே உத்தரவு இருக்கிறது.

ஒலி இல்லாத பதிவு பாதிப் பதிவு. உத்தரவு காட்சியோடு ஒலியையும் கேட்கிறது. பல பதிவுப் பெட்டிகளில் காட்சிக்கு 16 வழி இருக்கும், ஒலிக்கு ஒன்றோ நான்கோதான். வாங்கும்போதே இதைப் பார்க்காமல் வாங்கினால் பிறகு சரிசெய்ய முடியாது.

கடிகாரம் சின்ன விஷயமாகத் தோன்றும். வழக்கைச் சாய்ப்பது பெரும்பாலும் அதுதான். பெட்டிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்தால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். ஆட்கள் கையால் திருத்துவார்கள். பத்து நிமிடம் முன்னே பின்னே நிற்கும். நிலையத்தின் பொது நாட்குறிப்பில் இரவு 9.40, காட்சியில் 9.50 என்றால் எது சரி என்று குறுக்கு விசாரணையில் ஒரு நாள் போகும். இணையவழி நேரத்தோடு பெட்டியை இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இணையம் இல்லாத நிலையத்தில், தினமும் காலை ஆஜர்ப் பட்டியல் போடும்போது பெட்டியின் நேரத்துக்கும் சரியான நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நாட்குறிப்பில் ஒரு வரி எழுதலாம்.

பழுதா இல்லையா என்பதற்குக் கருவியே சாட்சி வைத்திருக்கிறது. எப்போது மின்சாரம் போனது, எப்போது வட்டு கழன்றது, யார் உள்நுழைந்தார், யார் நேரத்தை மாற்றினார், எந்த கேமராவின் சமிக்ஞை எப்போது அறுந்தது என்று பெட்டிக்குள் ஒரு நிகழ்வுப் பேரேடு ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பென் டிரைவில் எடுக்க ஐந்து நிமிடம் போதும். ‘பழுது’ என்ற பதிலோடு இதுவரை இந்தப் பேரேட்டை எங்களுக்கு யாரும் தந்ததில்லை. அதுவும் நாள்பட்டால் மேலெழுதப்படும் என்பதால் பழுதான அன்றே எடுக்க வேண்டும். அழிந்ததாகச் சொல்லும் காட்சியிலும் மேலெழுதப்படாத பகுதியைத் தடயவியல் ஆய்வகத்தில் மீட்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பெட்டியை உடனே நிறுத்தி, வட்டைக் கழற்றி, முத்திரையிட வேண்டும். கோரிக்கை வந்த பிறகும் பெட்டியை ஓடவிடுவது அழிப்பதற்குச் சமம்.

பதிவு கிடைத்தாலும் அது நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். மானிட்டரில் ஓடும் காட்சியைச் செல்போனில் படம் பிடித்துக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். அதில் மூலக் கோப்பின் விவரம் எதுவும் இருக்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவுச் சான்றில் கோப்பின் ஹேஷ் எண்ணை, அதாவது கோப்பு சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாள எண்ணை, குறிக்க வேண்டும். கருவியின் பொறுப்பாளர் ஒரு பகுதியிலும் வல்லுநர் ஒரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். ஒரு கேமராவின் ஒரு நாள் கோப்புக்கு ஹேஷ் எடுக்கச் சில நிமிடம் ஆகும். 4 டி.பி. வட்டு முழுமைக்கும் ஏழெட்டு மணி நேரம், அதாவது ஓர் இரவு. முடியாத வேலை எதுவும் இதில் இல்லை.

நிலையத்தில் இருப்பவர்கள்மேல் மட்டும் குற்றம் சொல்லவும் எங்களுக்கு மனமில்லை. பாராவும் பந்தோபஸ்தும் பார்த்து ஓய்ந்துபோன ஒருவரிடம் ‘கேமராவையும் நீயே பார்த்துக்கொள்’ என்று விடுகிறார்கள். பழுது பார்க்கும் பணம் அவர் கையில் இல்லை. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துபோனால் அதைப் புதுப்பிக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. அதனால்தான் உச்ச நீதிமன்றம் அந்தப் பொறுப்பை உங்கள் குழுவிடம் கொடுத்தது.

அதைவிட முக்கியமான ஒரு கடமையும் உங்களுக்கு இருக்கிறது. பதிவுகளை நீங்களே பார்த்து, யாரும் புகார் செய்யாத மனித உரிமை மீறல் ஏதேனும் நடந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்று அந்த உத்தரவு எழுதிவைத்திருக்கிறது. புகார் வரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. புகார் சொல்லப் பயப்படுகிறவர்களுக்காக உண்டாக்கப்பட்ட கடமை அது. விசாரிக்கப்படும் துறையின் தலைவரே மேற்பார்வைக் குழுவிலும் உறுப்பினர் என்பது ஒரு குறைதான். 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் காவல்துறைமீதான புகார்களை விசாரிக்கும் மாவட்டப் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியும், நம் மாநிலத்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்சியரைத் தலைவராக்கியது. இந்த அமைப்பு மாறும்வரை, எந்த நாள் பதிவைப் பார்ப்பது என்று முடிவெடுக்கும் வேலையை ஆட்சியரும் மேயரும் ஊராட்சித் தலைவரும் எடுத்துக்கொள்ள வேண்டும். கண்காணிப்பாளர் அதிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

கேமரா ஓடிவிட்டால் அடி நின்றுவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் தனிப்படை விசாரணையில் இறந்தார். அடித்தது நிலையத்துக்கு வெளியே. காட்சியை எடுத்தது மறைந்து நின்ற ஒருவரின் செல்போன். கேமரா உள்ள இடத்தைத் தவிர்த்துவிட்டுத் தோப்புக்கும் பாழடைந்த கட்டடத்துக்கும் கொண்டுபோவார்கள் என்பது இங்கே ஊரறிந்த சேதி. அதனால்தான் வாசல் கேமராவை இவ்வளவு வலியுறுத்துகிறோம். நிலையத்துக்கு ஆள் வந்த நேரமும், தனிப்படை வண்டி கிளம்பிய நேரமும், திரும்பிய நேரமும் அதில் விழும். இடையில் காணாமல்போன மணி நேரத்துக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் காவல் நிலையங்களில் கேமராக்கள் ஓடாதது பற்றித் தானாகவே வழக்கெடுத்ததையும் நினைவூட்டுகிறோம்.

இவற்றையெல்லாம் வைத்து நாங்கள் கேட்பவை:

உங்கள் மாவட்டத்தின் ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை கேமரா, எங்கெங்கே, எத்தனை டி.பி. வட்டு, உண்மையில் எத்தனை நாள் காட்சி இருக்கிறது, ஒலி இருக்கிறதா என்று ஒரு பட்டியலை ஆட்சியர் அலுவலக இணையப் பக்கத்தில் வெளியிடுங்கள். 2020 டிசம்பருக்குப் பின் உங்களுக்கு வந்த பழுது அறிக்கைகளையும், அந்த நாட்களில் நடந்த கைதுகளின் எண்ணிக்கையையும் அதோடு சேருங்கள்.

18 மாதச் சேமிப்புக்கு மாவட்டச் சர்வர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நிலையத்துக்கு 4 டி.பி. வட்டு 24 வாங்குங்கள். 20 நாளுக்கு ஒருமுறை வட்டை மாற்றி, கழற்றியதை முத்திரையிட்டு, வருவாய்த் துறையின் பொறுப்பில் வையுங்கள். முதல் வட்டின் முறை மறுபடி வருவதற்குள் 16 மாதம் ஓடியிருக்கும். ஓராண்டு என்ற கீழெல்லையைத் தாண்டிவிடுவோம். இன்னும் நான்கு வட்டு சேர்த்தால் 18 மாதமும் நிறைவேறும். பதிவுப் பெட்டியைப் பூட்டிய இரும்புக் கூட்டுக்குள் வைத்து, சாவியையும் கடவுச்சொல்லையும் நிலையத்திடமிருந்து எடுத்துவிடுங்கள். சோதனையும் கைப்பற்றலும் செய்யும்போது எடுக்கும் பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்பச் சொல்கிறது நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு. வெளியே எடுக்கும் பதிவு காவல்துறையின் கையைவிட்டுப் போகலாம் என்றால் நிலையத்துக்குள் எடுப்பதும் போகலாம்.

குடும்பத்தாரோ வழக்கறிஞரோ சட்ட உதவி மையமோ வெள்ளைத்தாளில் கேட்டாலும், 24 மணி நேரத்துக்குள் அந்த நாளின் பதிவு தனியே எடுக்கப்பட்டு ஹேஷ் எண்ணோடு பாதுகாக்கப்பட வேண்டும். தருவதா மறுப்பதா என்ற வாதம் அதற்குப் பிறகு நடக்கட்டும்.

‘பழுது’ என்று பதில் எழுதும் எந்த நிலையமும் நிகழ்வுப் பேரேடு, நாட்குறிப்புப் பதிவு, உங்களுக்கு அனுப்பிய கைது விவரத்தின் நகல் ஆகிய மூன்றையும் இணைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுங்கள்.

மாதம் ஒருமுறை சீட்டுக் குலுக்கி மூன்று நிலையங்களின் தலா இரண்டு இரவுகளைத் தேர்ந்து, இரவு 8 முதல் காலை 6 வரையுள்ள பதிவை நாட்குறிப்போடும் கைது அட்டையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு நிலைய வாசலிலும், இங்கே கேமரா உண்டு, உரிமை மீறல் நடந்தால் மாநில மனித உரிமை ஆணையத்திடம் முறையிடலாம், பதிவைக் கேட்டுப் பெறலாம் என்று படிக்கிற அளவு எழுத்தில், தமிழில், பலகை வையுங்கள். அதே சன்ஹிதாவின் 37ஆம் பிரிவுப்படி கைதானவர்களின் விவரத்தையும் அதன் பக்கத்திலேயே தினமும் ஒட்டச் சொல்லுங்கள்.

இந்த மடலுக்கு 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். 30 நாள் காத்திருக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. காட்சிப் பதிவு கேட்டு வந்த மனுக்கள் இன்று எந்தெந்த நிலையத்தில் நிலுவையில் இருக்கின்றனவோ, அங்கெல்லாம் பெட்டியை நிறுத்தி, வட்டைக் கழற்றி முத்திரையிட்டு, வேறு வட்டு மாட்டும்படி இந்த வாரமே உத்தரவிடுங்கள். அந்த வட்டுகள் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இப்படிக்கு,
நெல்லைச் சீமையின் நீதிமன்றங்களில் சட்ட உதவி வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர்